குளத்துக்கு வராத வலசைப் பறவைகள்

மழைக்காலம் தொடங்கியதும் பறவை பார்க்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் உடனே வரும் கேள்வி, "எந்தக் குளத்துக்கு?" என்பதுதான். வேடந்தாங்கலா, கூந்தன்குளமா, எங்கள் கொங்குப் பக்கம் என்றால் வெள்ளோடா, நஞ்சராயன் குளமா? அப்படிக் கேட்பது இயல்புதான். வாத்தும் நாரையும் உள்ளானும் கூட்டமாக இறங்கியிருக்கும் குளத்தைப் பார்த்தால் யாருக்கும் மனசு நிறையும். வெள்ளோடு 2022இலும் நஞ்சராயன் குளம் 2024இலும், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது எனக்கும் அவ்வளவு சந்தோசம்.

ஆனால் வடக்கிலிருந்து நம் ஊருக்குக் குளிர்காலம் கழிக்க வரும் பறவைகளில் பல தண்ணீர்ப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. அவை தோப்புக்குள் இருக்கின்றன, முள்வேலிக்குள் இருக்கின்றன, மேய்ச்சல் காட்டில் புல்லுக்கு நடுவே இருக்கின்றன. கூட்டம் சேர்வதில்லை. சத்தம் போடுவதும் குறைவு. அவை தங்கும் இடங்களுக்குச் சரணாலயம் என்ற பெயர் கிடையாது, பலகை கிடையாது. பெரும்பாலும் நாம் "சும்மா கிடக்குது" என்று சொல்லும் இடங்கள்தான் அவற்றின் இடங்கள். அந்தப் பறவைகளைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. எழுதினால் செந்தலைப் பூங்குருவியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தாராபுரத்துக்குப் பக்கத்தில் என் மாமாவின் தோட்டத்தை ஒட்டி ஒரு பள்ளம் போகிறது. மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓடும் ஓடை அது. கரையில் புங்கன், வேம்பு, புளி, ஒரு பெரிய ஆலமரம், இடையிடையே நொச்சியும் உண்ணிச்செடியும். யாரும் கூட்டிப் பெருக்காத இடம் என்பதால் கீழே சருகு கணுக்கால் அளவுக்குக் கிடக்கும். ஐப்பசி மழை இரண்டு மூன்று பெய்து சருகு நனைந்த பிறகு, விடிந்தும் விடியாத நேரத்தில் அங்கே போய் அசையாமல் உட்கார வேண்டும். அசையாமல் என்றால் உண்மையிலேயே அசையாமல். கொசு கடித்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் சருகு சரசரக்கும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் கிளறும்போது வருகிற இரைச்சல் போல இருக்காது. ஒரு சின்னச் சரசரப்பு, அப்புறம் நீண்ட அமைதி, மறுபடி ஒரு சரசரப்பு. சத்தம் வந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் இருட்டிலிருந்து ஆரஞ்சு நிறம் மெல்லத் தெரிய வரும். மைனாவைவிடச் சற்றுச் சிறிய பறவை. தலை, நெஞ்சு, வயிறு எல்லாம் நல்ல பழுத்த ஆரஞ்சு. முதுகும் வாலும் நீலம் கலந்த சாம்பல், இறக்கையின் தோளில் ஒரு வெள்ளைப் பட்டை. பெண்ணுக்கு முதுகு கொஞ்சம் பழுப்பாக மங்கியிருக்கும். இவ்வளவு பளிச்சென்ற நிறத்தை வைத்துக்கொண்டு நிழலுக்குள் எப்படித்தான் மறைகிறதோ, பார்க்கப் பார்க்க வியப்பாக இருக்கும். அது நிற்கும். தலையைச் சாய்த்துக் கீழே பார்க்கும். அலகால் ஒரு இலையைக் கவ்வி ஓரமாக வீசும். அடியில் புழு இருந்தால் விழுங்கும், இல்லாவிட்டால் இரண்டு தாவு தாவி மறுபடி நிற்கும். காலைநேரம் முழுக்க அதன் வேலை இதுதான்.

இந்த இனத்தில் நம் பக்கம் இரண்டு வகையைப் பார்க்கலாம். தீபகற்பத்துக் காடுகளிலேயே வருடம் முழுக்க இருக்கும் வகைக்குத் தொண்டை வெள்ளையாக இருக்கும், கன்னத்தில் மேலிருந்து கீழாக இரண்டு கரும்பட்டைகள் ஓடும். இமயமலைப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்குத் தெற்கே இறங்கி வரும் வகைக்கு முகம் முழுக்க ஆரஞ்சுதான், பட்டை இருக்காது. பள்ளத்துக் கரையில் பட்டை இல்லாத முகத்தைப் பார்க்கிற காலையில் எனக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி தனி. 50, 60 கிராம் எடையுள்ள அந்த உடம்பு ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் பறந்து வந்து இந்தப் புங்கமரத்தடியில் நிற்கிறது!

ஏன் இங்கே வர வேண்டும் என்று பலரும் கேட்பார்கள். குளிர் தாங்காமல் வருகிறது என்பது பாதிப் பதில்தான். இறகுப் போர்வைக்குள் இருக்கும் பறவை ஓரளவு குளிரைத் தாங்கிவிடும். தாங்க முடியாதது பசி. மலையில் குளிர் இறங்கினால் மண் இறுகும், புழு ஆழத்துக்குப் போய்விடும், பூச்சிகள் அடங்கிவிடும். சருகைப் புரட்டிச் சாப்பிடும் பறவைக்கு அங்கே அடுப்பு அணைந்த மாதிரி. அதே நேரத்தில் இங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். சித்திரை, வைகாசி, ஆனி என்று காய்ந்து கிடந்த நிலத்தில் வடகிழக்குப் பருவமழை விழுகிறது. இந்தியாவின் பெரும்பகுதிக்கு மழை முடிகிற நேரத்தில்தான் தமிழ்நாட்டுச் சமவெளிக்கு முக்கியமான மழை தொடங்குகிறது. காய்ந்த சருகு நனைந்து மக்கத் தொடங்குகிறது. பூஞ்சை பிடிக்கிறது, அதைத் தின்னக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னப் பூச்சிகள், அவற்றைத் தின்னச் சிலந்தியும் வண்டும் பூரானும், கூடவே மண்புழுவும் கறையானும் மரவட்டையும் நத்தையும். ஒரு கை அளவு நனைந்த சருகை எடுத்து வெள்ளைத் துணியில் உதறிப் பார்த்தால் எத்தனை உயிர்கள் ஓடும் என்று தெரியும். பூங்குருவிக்கு அது முழுக்கச் சாப்பாடு.

ஆகவே அந்தப் பறவைக்கு மரம் மட்டும் போதாது. மரத்தடியும் வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல நினைக்கும் விஷயமே இதுதான். மரம் வளர்ப்போம் என்று எல்லோரும் சொல்கிறோம், நல்லது. அந்த மரம் உதிர்க்கும் இலை கீழே கிடக்க நாம் விடுகிறோமா?

இது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவிலும் இதே குடும்பத்துப் பூங்குருவிகள் வலசை போகின்றன, இரவில் பறக்கின்றன. ஆய்வாளர்கள் அவற்றின் உடலில் மிகச் சிறிய ரேடியோக் கருவியைப் பொருத்தி, இரவெல்லாம் காரில் பின்தொடர்ந்து போய், எவ்வளவு சக்தி எங்கே செலவாகிறது என்று கணக்கிட்டார்கள். 2003இல் முடிவுகள் வெளிவந்தன. பறப்பதற்குச் செலவானதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், இடையிடையே இறங்கித் தங்கிய நாட்களில் செலவாகியிருந்தது. இறங்கிய இடத்தில் உடலைச் சூடாக வைத்திருக்கவும், இரை தேடவும், அடுத்த இரவுக்குக் கொழுப்புச் சேர்க்கவும்தான் சக்தியில் பெரும்பங்கு போகிறது. பயணத்தின் கடினமான பகுதி வானத்தில் இருக்கிறது என்றுதான் நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது தரையில் இருக்கிறது. இறங்கிய தோப்பில் சாப்பாடு இருந்தால் பறவை சீக்கிரம் கிளம்பும், இல்லாவிட்டால் அங்கேயே இளைக்கும்.

அதே குழுவைச் சேர்ந்தவர்கள் அடுத்த வருடம் வெளியிட்ட இன்னொரு சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தமானது. சூரியன் மறையும் நேரத்தில் பூங்குருவிகளைக் கூண்டில் வைத்து, சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் கிழக்கு நோக்கித் திருப்பிவைத்தார்கள். அதன் பிறகு திறந்துவிட்டார்கள். வடக்கே போக வேண்டிய பறவைகள் அன்றிரவு மேற்கே பறந்தன. அடுத்த நாள் மாலை, இயற்கையான அந்தி வெளிச்சத்தைப் பார்த்த பிறகு மறுபடி சரியான திசைக்குத் திரும்பிக்கொண்டன. அதாவது பறவைக்குள் ஒரு காந்தத் திசைகாட்டி இருக்கிறது, அதைத் தினமும் சாயங்காலம் மறைகிற சூரியனின் ஒளியை வைத்துச் சரிபார்த்துக்கொள்கிறது. நம் ஊர்ப் பூங்குருவியை வைத்து இப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தி மயங்கும் நேரத்தில் பள்ளத்துக் கரையில் அது ஒரு கிளையில் ஏறி அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது எனக்கு இந்தச் சோதனைதான் நினைவுக்கு வரும்.

இரவுப் பயணத்துக்குக் காரணங்கள் உண்டு. இரவில் காற்று அடங்கியிருக்கும், குளிர்ச்சியாக இருக்கும், உடம்பு சூடேறாது. பகலில் வேட்டையாடும் வல்லூறும் ராஜாளியும் இருக்காது. பகல் முழுக்க இறங்கிச் சாப்பிட்டுக்கொள்ளலாம். ஒரே சிக்கல் நாம் ஏற்றிவைக்கும் விளக்குகள். மேகமூட்டமான இரவில் உயரமான கட்டடங்களின் வெளிச்சம் சின்னப் பறவைகளைத் திசை தடுமாற வைக்கிறது. இந்தத் தடுமாற்றத்தால் நம் ஊரில் அதிகம் மாட்டிக்கொள்வது ஆறுமணிக்குருவி.

அதைத் தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். குட்டை வால், நீண்ட கால், பச்சை முதுகு, மஞ்சள் கலந்த பழுப்பு நெஞ்சு, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, தோளில் மின்னும் நீலம், கண் வழியாக ஓடும் கறுப்புப் பட்டை. இந்தியில் நவரங்க் என்று பெயர், ஒன்பது நிறங்களையும் எண்ணிக் காட்டலாம். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவின் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. விடிகாலையிலும் சாயங்காலத்திலும் இரண்டு அசையில் ஒரு விசில் அடிக்கும். ஒன்று கூப்பிட்டால் அடுத்த தோப்பில் இருப்பது பதில் சொல்லும், அப்படியே பள்ளம் நெடுக விசில் போய்க்கொண்டிருக்கும். மற்ற நேரமெல்லாம் பூங்குருவி மாதிரியேதான், சருகுக்குள் தத்தித் தத்தி இரை தேடும்.

புரட்டாசி, ஐப்பசியில் யாராவது ஒருவர் எனக்குப் போட்டோ அனுப்பி, "வீட்டுக்குள்ள ஒரு கலர்க் குருவி வந்து உட்கார்ந்திருக்கு, பறக்க மாட்டேங்குது, யாரோ வளர்த்தது தப்பிச்சு வந்துருச்சா?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் ஆறுமணிக்குருவியாகத்தான் இருக்கும். இரவெல்லாம் பறந்து களைத்தது, அல்லது கண்ணாடியில் முட்டி மயங்கியது. அப்போது செய்ய வேண்டியது கொஞ்சம்தான். காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் ஒரு துணியை விரித்து, பறவையை மெதுவாக உள்ளே வைத்து மூடி, இருட்டான அமைதியான அறையில் விட்டுவிட வேண்டும். பூனை, நாய், குழந்தைகள் பக்கத்தில் போகக் கூடாது. வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சோறும் அரிசியும் அது சாப்பிடாது. சில மணி நேரம் கழித்துப் பெட்டிக்குள் சுறுசுறுப்பாக நடக்கும் சத்தம் கேட்டால், செடிகள் அடர்ந்த இடமாகப் பார்த்துத் திறந்துவிடலாம். இறக்கை தொங்கினாலோ ரத்தம் இருந்தாலோ வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். அழகாக இருக்கிறதே என்று கூண்டில் வைத்துக்கொள்ள 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்காது, அப்படி வைத்தால் அந்தப் பறவையும் பிழைக்காது.

தோப்பிலிருந்து வேலிக்கு வருவோம்.

கொங்குநாட்டின் மேட்டாங்காடுகளில் கிளுவை வேலி என்று ஒன்று உண்டு. கிளுவைப் போத்துகளை, அதாவது வெட்டியெடுத்த கிளைகளை, நெருக்கமாக நட்டு வளர்க்கும் உயிர்வேலி. வெயில் காலத்தில் இலையே இல்லாமல் குச்சியாக நிற்கும், மழை பட்டதும் குபுகுபுவென்று துளிர்க்கும். அதில் கோவைக்கொடி ஏறும், பிரண்டை படரும், சங்கமுள்ளும் சூரையும் இடையில் முளைக்கும். இந்த வேலிக்குள்ளே இருப்பதுதான் கொறங்காடு. வெள்வேல மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, கீழே கொழுக்கட்டைப் புல், காங்கேயம் மாடும் மேச்சேரி ஆடும் மாற்றி மாற்றி மேயும் நிலம். தலைமுறை தலைமுறையாக விவசாயிகள் தங்கள் சொந்த நிலத்தில் பராமரித்த புல்வெளி இது. புல்வெளிகளைப் பாதுகாக்க வேண்டும் என்று இன்று எழுதுகிறவர்கள் நேரில் பார்க்க வேண்டிய இடம்.

புரட்டாசி பிறக்கும்போது இந்த வேலியில் ஒரு கரகரத்த கத்தல் கேட்கும். பழுப்புக் கீச்சான் வந்துவிட்டது என்று அர்த்தம். சைபீரியா, மங்கோலியா, சீனா பக்கமிருந்து வருகிற பறவை. சிட்டுக்குருவியைவிடப் பெரிது, பழுப்பு உடம்பு, கண்ணில் கறுப்பு முகமூடி, நுனி வளைந்த அலகு. வந்த சில வாரங்களுக்கு விடிகாலையிலிருந்து கத்திக்கொண்டே இருக்கும், இந்த வேலி என்னுடையது என்று அக்கம்பக்கத்துக் கீச்சான்களுக்கு அறிவிக்கும். எல்லை முடிவானதும் அடங்கிவிடும். அப்புறம் பங்குனி சித்திரை வரைக்கும் அதே வேலிக்காலில் உட்கார்ந்து வெட்டுக்கிளி பிடிக்கும். காலில் வளையமிட்டுப் பார்த்த இடங்களில் அதே பறவை அடுத்த வருடமும் அதே இடத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது. என் அம்மிச்சிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, இதன் பெயரெல்லாம் தெரியாது. ஆனால் "நம்ம வேலிக்காரன் வந்துட்டான் கண்ணு" என்று சொல்வார். வருகிறது ஒரே ஆள்தான் என்பதில் அவருக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருந்ததில்லை.

வேலிக்கு உள்ளே, கண்ணில் படாத இன்னொன்று இருக்கிறது. "டக்... டக்..." என்று இரண்டு கூழாங்கற்களைத் தட்டுவது போன்ற சத்தம் நாள் முழுக்கப் புதருக்குள்ளிருந்து வரும். ப்ளைத் நாணல் கதிர்க்குருவி. பத்துப் பன்னிரண்டு கிராம் எடை. பின்லாந்திலிருந்து நடு ஆசியா வரைக்கும் கோடையில் குஞ்சு பொரிக்கிறது, குளிர்காலத்தில் அநேகமாக மொத்தக் கூட்டமும் இந்தியத் துணைக்கண்டத்துக்கு வந்துவிடுகிறது. அந்த இனம் முழுவதற்கும் வருடத்தில் பாதி நம் வேலியும் புதரும்தான் வீடு! நிறம் என்று சொல்ல ஒன்றும் இல்லாத பறவை. போட்டோவுக்கு நிற்காது. இதைப் பார்க்க யாரும் டிக்கெட் எடுத்து வர மாட்டார்கள். ஆனால் ஐரோப்பாவில் ஒரு ஏரிக்கரைப் புதரில் கோடையில் இதன் பாட்டு கேட்க வேண்டும் என்றால் இங்கே கிளுவை வேலி நிற்க வேண்டும். அவ்வளவு நேரடியான தொடர்பு இது.

மரத்தின் மேல்தட்டிலும் ஒரு கதிர்க்குருவி உண்டு, பச்சைக் கதிர்க்குருவி. ஏழெட்டு கிராம்தான் இருக்கும். இலை இலையாகப் புழு பொறுக்கும். திருநெல்வேலிப் பக்கத்து முண்டந்துறைக் காட்டில் இந்தக் குருவிகளைப் பறவை ஆய்வாளர்கள் மதுசூதன் கட்டியும் டிரெவர் பிரைஸும் பல குளிர்காலங்கள் பின்தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மழை நன்றாகப் பெய்தால் இலையில் பூச்சி பெருகும், பூச்சி பெருகினால் இவற்றுக்கு நல்ல காலம். நம் வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் அந்த இழப்பு நம் விவசாயியோடு நிற்பதில்லை.

கொறங்காட்டுப் புல்வெளியில் பூனைப்பருந்து வரும். நீண்ட இறக்கையை லேசாக மேலே தூக்கிப் பிடித்தபடி, இடுப்பளவு உயரத்தில் புல்லைத் தடவுவது போலப் பறக்கும். மரத்தில் அடைவதில்லை, இரவில் புல்லுக்குள் தரையிலேயே கூட்டமாகத் தங்கும். கஜகஸ்தான் பக்கத்துப் புல்வெளிகளில் முட்டையிடும் பறவை, இங்கும் அதே மாதிரி நிலத்தைத் தேடுகிறது. அதன் முக்கிய இரைகளில் வெட்டுக்கிளி ஒன்று. இதைச் சொன்னால்தான் என் மாமா நிமிர்ந்து கேட்பார்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சாம்பல் வாலாட்டி ஆவணியிலேயே மலையோரத்து ஓடைகளுக்கு வந்துவிடும், முதல் வரவுகளில் அதுவும் ஒன்று. மஞ்சள் வாலாட்டி மாட்டின் காலடியிலேயே நடக்கும், மாடு கிளப்பும் பூச்சிக்காக. கொடிக்கால் வாலாட்டி தோப்பு நிழலில் திரியும், மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டினால் இது மட்டும் பக்கவாட்டில் ஆட்டும். சூறைக்குருவி மேகம் மாதிரி வந்து சோளக்காட்டில் இறங்கும், விவசாயிக்கு அதன்மேல் கோபம் உண்டு, அது நியாயமான கோபமும்தான். ஆனால் அதே குருவி வெட்டுக்கிளியையும் கூட்டம் கூட்டமாகத் தின்கிறது, கல்யாண முருங்கையும் இலவும் பூக்கும்போது முகமெல்லாம் மகரந்தமாகத் திரிகிறது. ஆலம்பழத்துக்கு மாங்குயில் வரும். மின்கம்பியில் தகைவிலானும் நீலவால் பஞ்சுருட்டானும் வரிசை கட்டும். அரசவால் ஈப்பிடிப்பானின் ஆண், வெள்ளை ரிப்பன் போன்ற வாலை இழுத்துக்கொண்டு தோப்புக்குள் பறந்தால் பறவை ஆர்வமே இல்லாதவரும் நின்று பார்ப்பார்.

பூங்குருவி என்ற பெயரிலேயே இன்னும் சில வருகின்றன. நீலப் பூங்குருவி பாறைக் குன்றுகளிலும் பழைய கோட்டைச் சுவர்களிலும் தனியாக உட்கார்ந்திருக்கும். நீலத்தலைப் பூங்குருவி மேற்குத் தொடர்ச்சி மலையின் காப்பித் தோட்ட நிழலைத் தேடும். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பூங்குருவி இமயத்திலிருந்து கிளம்பி, வழியில் ஏற்காடு போன்ற மலைகளில் தலைகாட்டிவிட்டுப் பெரும்பாலும் இலங்கையின் மலைநாட்டுக்குப் போய்விடும். நுவரெலியா நகரத்துக்கு நடுவில் இருக்கும் விக்டோரியா பூங்காவில் அதைப் பார்க்க உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். நகரத்துக்கு நடுவே, ஓரமாகச் சாக்கடை கலந்த ஒரு ஓடை போகும் சின்னப் பூங்கா அது. ஈரமண்ணும் நிழலும் சருகும் இருக்கிறது, பறவைக்கு அது போதுமானதாக இருக்கிறது. பெரிய காடு இருந்தால்தான் பறவை வரும் என்று கையை விரிப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் இந்தப் பூங்காதான்.

இப்போது கவலைக்கு வருகிறேன். 2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் கொடுத்த 3 கோடிப் பதிவுகள் அதற்கு அடிப்படை. மயிலும் மாடப்புறாவும் குயிலும் நன்றாக இருக்கின்றன, மயில் பெருகுவதை எங்கள் ஊர் விவசாயியிடம் கேட்டாலே சொல்வார். சரிவு அதிகம் தெரிவது திறந்த புல்வெளிப் பறவைகளிலும் நெடுந்தூரம் வலசை வரும் பறவைகளிலும். எதற்கும் ஈடுகொடுக்கும் பறவைகள் பெருகுகின்றன, குறிப்பிட்ட ஒரு இடத்தை நம்பி வாழ்பவை குறைகின்றன.

காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். தாராபுரம் சாலையில் போனால் கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டுக் கல்காலும் கம்பியும் நட்ட நிலங்களைப் பார்க்கலாம். கொறங்காடு மனையாகிறது. மீதமிருப்பது தென்னந்தோப்பானால் அங்கே வருடத்துக்குச் சில முறை மண்ணைக் கிளறிப் போடும் ரொட்டேவேட்டர் ஓடுகிறது, இடையில் களைக்கு மருந்து அடிக்கிறார்கள். மரம் இருக்கிறது, நிழல் இருக்கிறது, ஆனால் தரை துடைத்துவைத்த மாதிரி இருக்கிறது. அந்தத் தோப்பில் நான் ஒரு பூங்குருவியைப் பார்த்ததில்லை. கிராமத்து வீட்டு முற்றத்திலும் கோயில் வளாகத்திலும் பள்ளிக்கூடத்து மரத்தடியிலும் காலையில் கூட்டி ஒரு மூலையில் குவித்துத் தீ வைக்கிறார்கள். அந்தப் புகையில் போவது ஒரு குளிர்காலத்துச் சாப்பாடு என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

மாமாவிடம் இதைப் பற்றிப் பல முறை பேசியிருக்கிறேன். "தோட்டம்னா சுத்தமா இருக்கோணும் மாப்ள. செத்தை கெடந்தா பாம்பு வரும்" என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பாம்புக்கடி கிராமத்தில் விளையாட்டு இல்லை. அதனால் நான் கேட்டது இவ்வளவுதான்: "வீட்டைச் சுத்தி, நடக்கிற தடம், மோட்டார் ரூம், இதெல்லாம் சுத்தமா இருக்கட்டுங்க மாமா. பள்ளத்தோரம் நாம போறதே இல்லைங்களே, அங்க மட்டும் விட்டுரலாங்க." தென்னைக்கும் இது லாபம்தான் என்று அவருக்கே தெரியும். மட்டையையும் சருகையும் வட்டப்பாத்தியில் மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும், களை குறையும், மண்புழு வரும். இப்போது ஓரத்து நான்கு வரிசைத் தென்னைக்கு மூடாக்குப் போடுகிறார். தண்ணீர் கட்டும் இடைவெளி கூடியிருக்கிறது என்கிறார். பறவைக்காகத்தான் செய்கிறாரா என்று நான் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை.

நம்மால் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு என் பதில் எளிதானது. இடம் இருக்கிறவர்கள், அது ஒரு சென்ட் ஆனாலும், ஒரு மூலையில் மரத்து இலையை விழுந்த இடத்திலேயே கிடக்க விடுங்கள். தீ வைக்காதீர்கள். கம்பிவேலி போட்டே ஆக வேண்டும் என்றால் அதையொட்டி உள்பக்கம் ஒரு வரிசை கிளுவைப் போத்து ஊன்றுங்கள், மழைக்கு முன்னால் ஊன்றினால் தண்ணீர்கூட ஊற்ற வேண்டியதில்லை. இரவில் தேவையில்லாத தோட்டத்து விளக்கை அணையுங்கள், முக்கியமாகப் புரட்டாசி ஐப்பசியிலும் பங்குனி சித்திரையிலும்.

பார்த்ததை எழுதிவையுங்கள், அதுவும் பெரிய உதவி. முதல் கீச்சான் எந்தத் தேதியில் கத்தியது, கடைசி வாலாட்டி எப்போது போனது என்ற குறிப்புகளைத் திரட்ட 2007இலேயே மைக்ரன்ட்வாட்ச் என்ற திட்டம் பெங்களூரில் தொடங்கியது. இன்று ஈபேர்ட் செயலியில் யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குளத்துக்குத்தான் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வீட்டுக் கொல்லையிலோ ஊர்ப் பொதுக் கிணற்றுப் பக்கத்திலோ பதினைந்து நிமிடம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணிப் பதிவிட்டால் போதும். தைப் பொங்கலுக்குப் பெரும்பாலான வலசைப் பறவைகள் ஊரில்தான் இருக்கும். புதருக்குள் "டக்... டக்..." கேட்டால் அதையும் சேர்த்து எழுதுங்கள். பட்டியலில் தோப்புகளும் வேலிகளும் குறைவாகத்தான் வருகின்றன, அங்கே நிற்பதற்கு ஆள் வேண்டும்.